பேணுதலான மனுசி

நஸ்ரின் தன் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து மேசைமேல் விரித்து வைத்தாள்.

"பாருங்க மாமா. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் கைகள். விரல்களுக்கு இடையில் தோல் வெடித்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் காப்புப் போட்டதுபோல ஒரு சிவப்பு வளையம். தேங்காயெண்ணெய் பூசியிருந்தார்கள். அந்த மணத்துக்கு மேலாக உடுப்புக் கழுவும் சவர்க்காரத்தின் மணம் நின்றது.

"நோவுதா மகள்?" என்று கேட்டேன்.

ஹனா என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள். "உம்மா, இந்த மேச தொடச்ச தானே?"

"தொடச்ச மகள்."

"ஈரத் துணியாலயா?"

"ஓம்."

"அந்தத் துணி கழுவினதா?"

நஸ்ரின் என் பக்கம் திரும்பினாள். "விளங்குதா மாமா? கை ஆறிரும். இது ஆறுமா?"

பின்வளவில் பைப் ஓடிக்கொண்டிருந்தது. யார் திறந்தது என்று நான் கேட்கவில்லை. நஸ்ரினின் தாய், என் மூத்த சகோதரி சல்மா ராத்தா, அங்கே நின்றாள். பின்னேர அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கப் போனவள். பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்து, பள்ளியிலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவள் இன்னும் கையைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவவக் கூட்டிட்டுப் போங்க மாமா," என்றாள் நஸ்ரின். "இனி இந்த வளவுக்குள்ள வெச்சிருக்க ஏலா."

இந்தத் தொடரில் இதுவரை தெருக்களையும் கடைகளையும் கரைவலைத் தோணிகளையும் பற்றி எழுதி வந்தேன். எதற்கும் கிழமையும் திகதியும் தேடிப் போடுகிறவன் என்று வாசகர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. இந்த வாரம் திகதிகள் இல்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் உயிரோடு, மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ராத்தாவிடமும் நஸ்ரினிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் ஓம் என்றார்கள். இரண்டு பேருக்கும் காரணம் வேறு.

எந்த வீட்டுக்கு?

கூட்டிக்கொண்டு போ என்று சொல்வது லேசு. எங்கள் கரையோரத்தில் ஒரு தாயை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

இங்கே வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வது வழக்கம். ஆண்பிள்ளை கலியாணம் முடித்த அன்றே தாய்வீட்டை விட்டு இறங்கிவிடுகிறான். மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவின் பின்பக்கம் ஓர் அறையும் குசினியும் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். முஸ்லிம் ஊரில் வீடு பெண்ணின் பெயரிலா என்று கேட்பார்கள். ஓம், பெண்ணின் பெயரில்தான்.

நான் கல்முனைக்குடியில் பிறந்து, மருதமுனையில் கலியாணம் செய்து, அன்றிலிருந்து மனைவியின் வீட்டில் இருக்கிறேன். அந்த வீடும் இப்போது எங்கள் மகளின் பெயருக்குப் போய்விட்டது. நானும் மனைவியும் பின்னறையில். அதாவது நான் இரண்டு தலைமுறைப் பெண்களுக்கு விருந்தாளி. இன்னொருவரை அழைத்து வந்து குடிவைக்கும் உரிமை எனக்கு இல்லை.

ராத்தாவுக்கு நஸ்ரின் ஒரே பிள்ளை. அவளுடைய கணவர், என் மச்சான், இறந்து மௌத்தாகி நெடுங்காலம். ஆண்பிள்ளை இருந்திருந்தாலும் அவன் இறக்காமத்திலோ சம்மாந்துறையிலோ மாமியார் வீட்டில் இருந்திருப்பான். ஆகவே நஸ்ரின் தன் வளவை விட்டு உம்மாவை இறக்கினால், ராத்தாவுக்குப் போய்ச் சேர ஒரு கூரை கிடையாது. நஸ்ரினுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னாள்.

நாங்கள் சூட்டிய பெயர்

ராத்தாவை எங்கள் பகுதியில் "பேணுதலான மனுசி" என்பார்கள். மார்க்க விடயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் கவனமாக இருப்பவர்களுக்குத் தரும் பட்டம் அது. லேசில் கிடைக்காது. ராத்தாவுக்கு இளவயதிலேயே கிடைத்துவிட்டது.

அவள் கொடியில் போடும் உடுப்பு மற்றவர்களுடைய உடுப்பில் படக்கூடாது. இரவல் போன கோப்பை திரும்பி வந்தால் சாம்பல் போட்டுக் கழுவாமல் அடுக்கில் ஏறாது. மருதமுனைக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது, நெசவுக்காரர் வளவுகளிலிருந்து சாயத் தண்ணீர் ஓடும் ஒழுங்கையைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு வருவாள். புதிதாகக் கலியாணம் முடித்த பெண்களை, சுத்தத்தின் சட்டங்களைப் படித்து வரும்படி அவளிடம் அனுப்பிய தாய்மார் உண்டு.

கேலி செய்தவர்களும் இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு ஜெமீலா சொல்வாள்: "சல்மாட கையில அம்பிட்டா சூரை மீனும் ஒழுவோடதான் ஆணச் சட்டிக்குள்ள இறங்கும்." சொல்லிவிட்டு அவளே, "எண்டாலும் பேணுதல்தான்," என்று முடிப்பாள்.

இதற்கு மார்க்கத்தில் வேறொரு பெயர் இருக்கிறது. வஸ்வாஸ். நெஞ்சுக்குள் ஓயாமல் ஓதப்படும் சந்தேகம். கழுவியது சுத்தமாயிற்றா, நனையாத இடம் உண்டா, தொழுமுன் மனதில் சொன்ன நிய்யத் சரியா. பழைய சட்ட நூல்கள் இதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கின்றன. நான் வாசித்த அளவில், அவை எதுவும் இதைப் பேணுதல் என்று சொல்லவில்லை. சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போ என்றுதான் சொல்கின்றன. தண்ணீரை வீண்விரயம் செய்வதைக் கண்டிக்கின்றன, அது ஆற்றங்கரையில் இருந்து செய்தாலும்கூட.

இங்கே ஒரு கிளைக்கதை. எங்கள் பள்ளிவாசலின் ஹவுளடியில், ஒழுச் செய்யும் அந்தத் தண்ணீர்த் தொட்டியருகில், முன்பு ஒருவர் இருந்தார். மரக்கறி வியாபாரி. முழங்கையைக் கழுவுவார், எழும்புவார், திரும்பவும் குந்துவார். ஜமாஅத் தொழுகை முடிந்து நாங்கள் வெளியே வரும்போதும் அவர் கால் கழுவிக்கொண்டிருப்பார். இளந்தாரிகள் சிரிப்பார்கள். ஒருநாள் தொழுகை நடத்தும் பேஷ் இமாம் எல்லோருக்கும் முன்னால், "காக்கா, உங்கட தொழுகைக்கு நான் பொறுப்பு, எழும்புங்க," என்று கையைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய் ஸப்பில், தொழுகை வரிசையில், நிறுத்தினார். அதன்பிறகும் அவருக்கு அது முற்றாக விடவில்லை. ஆனால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அளவோடு நின்றது.

ஆணுடைய வஸ்வாஸ் ஹவுளடியில் நடந்தது. கண்டோம், சிரித்தோம், திருத்தினோம். பெண்ணுடையது வேலிக்குப் பின்னால் நடந்தது. அதற்குப் பட்டம் கொடுத்தோம். இன்னுமொரு வித்தியாசம். மரக்கறி வியாபாரி கழுவியது அவருடைய கையை மட்டும்.

கடலுக்கு முன்பு

எங்கள் ஊரில் எதையும் கடலை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். கடல் வர முன்னம், கடல் வந்த பொறகு. சுனாமி என்ற சொல் பேப்பருக்கும் பெயர்ப்பலகைக்கும். வீட்டில் அது கடல்தான்.

ராத்தாவைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு உண்டு. "கடல் வந்த பொறகுதான் அந்த மனுசி இப்பிடி. கரையில கிடந்த மையத்துகள கண்ட பயம்." கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நல்ல விளக்கம். எவரையும் நோகடிக்காத விளக்கம்.

பிழையான விளக்கமும்கூட. திகதி பார்க்கிற பழக்கம் உள்ளவன் இதைச் சொல்லாமல் விட முடியாது. கடல் எங்களிடமிருந்து எடுத்தது ஏராளம். செய்யாத ஒன்றையும் அதன் தலையில் போட வேண்டியதில்லை. நான் இனிச் சொல்லப் போவது கடல் வருவதற்கு முந்திய ஒரு மாரிகாலத்தில் நடந்தது.

அன்று நான் அங்கே இல்லை. அம்பாறையில் வேலை. பின்னாளில் ராத்தாவிடமும் நஸ்ரினிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒரு சம்பவத்தை இரண்டு பேர் சொன்னால் எங்காவது முரண்படும். இதில் ஓர் இடத்திலும் முரண்படவில்லை.

நாயும் வெள்ளை உடுப்பும்

நஸ்ரினுக்கு அன்று பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சையில் கணிதம். பரீட்சை நிலையம் வேறு பாடசாலையில். பிள்ளைகளை ஏற்றிப்போக ஒழுங்கை முனைக்கு பஸ் வரும்.

இரண்டு நாளாக விடாத மழை. அவளுடைய இரண்டு வெள்ளை உடுப்புகளும் பர்தாக்களும் பின் விறாந்தைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. விடிந்து கொஞ்ச நேரத்தில் தெருநாய் ஒன்று மழைக்கு ஒதுங்கி விறாந்தைக்குள் புகுந்தது. ராத்தா துரத்தினாள். போகிற போக்கில் அது உடம்பைச் சிலுப்பியது.

துளி உடுப்பில் பட்டதா, படவில்லையா? நஸ்ரின் படவில்லை என்றாள். ராத்தாவும் பட்டதைக் காணவில்லை. காணவில்லை என்பதுதான் அவளுக்குப் பிரச்சினை.

நாய் பட்ட ஈரம் என்றால் எங்கள் மத்ஹபின் சட்டப்படி ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். ராத்தா இரண்டு உடுப்பையும் கொடியிலிருந்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மண்ணைக் கரைத்து வெள்ளை உடுப்பின்மேல் ஊற்றினாள். அலசினாள். ஆறாவது தரமா ஏழாவது தரமா என்று சந்தேகம் வந்தது. முதலிலிருந்து தொடங்கினாள். இடையில் நஸ்ரின் ஏதோ சொன்னாள். எண்ணிக்கை குழம்பியது. திரும்பவும் முதலிலிருந்து.

ஜெமீலா வேலிக்கு மேலால் தன் மகளின் உடுப்பை நீட்டினாள். "இதப் போட்டுக்கிட்டுப் போ புள்ள, நேரமாகுது." ராத்தா வாங்க விடவில்லை. நாய் அவர்களுடைய வளவு வழியாகத்தான் வந்தது.

பஸ் வந்தது. ஹோன் அடித்தது. கொஞ்சம் நின்று அடித்தது. போய்விட்டது.

வீட்டு உடுப்போடு மழையில் நின்ற நஸ்ரினை ராத்தா கிணற்றடிக்கு இழுத்து, உடுப்பைத் தொட்ட கையென்று தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவினாள்.

நஸ்ரின் அடுத்த வருடம் எழுதி நல்ல பெறுபேறு எடுத்தாள். ஆகவே அவளுடைய வாழ்க்கை அன்றோடு பாழாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். இன்று அபாயா தைத்து விற்கிறாள், கெட்டிக்காரி. அவள் என்னிடம் ஒரு தரம் சொன்னாள்: "வருசம் போனது பெரிசில்ல மாமா. நான் உம்மா உம்மா எண்டு கத்தின. அவ என்னத் திரும்பிப் பார்க்கல்ல. வாளியத்தான் பார்த்துக்கிட்டு நிண்ட."

வருத்தமும் சைத்தானும்

கிழமைக்கு ஒரு தரம் வரும் மனநல டொக்டர் ஒருவரிடம் ராத்தாவைக் கூட்டிப்போனது அவளுடைய மருமகன், நஸ்ரினின் கணவன் றமீஸ். ஹாட்வெயார் கடைக்காரன், சிரிக்கச் சிரிக்கக் கதைப்பவன். "தண்ணி டாங்கி கழுவ மருந்து தாறாங்களாம் மாமி, வாங்க போவம்," என்று சொல்லித்தான் ஓட்டோவில் ஏற்றினான்.

டொக்டர் பொறுமையானவர். இது மூளையில் வரும் நோய், சீனி வருத்தம் மாதிரி ஒரு வருத்தம்தான், இவரில் பிழை இல்லை என்றார். மாத்திரை எழுதினார். சந்தேகம் வந்தாலும் கழுவாமல் இருந்து பழகும் முறை ஒன்றையும் சொல்லிக் கொடுத்தார்.

ராத்தா ஒழுங்காகக் குடித்தாள். கொஞ்சம் குறைந்தது. பிறகு பாமசியில் வேறு கம்பனி மாத்திரை கொடுத்தார்கள், உறை போட்டது. அந்த உறை எந்த மிருகத்தின் கொழுப்போ என்ற சந்தேகம் வந்தது. அன்றோடு மருந்து நின்றது. எவரிடமும் சொல்லாமல் வாழையடியில் புதைத்தாள். புதைத்த கையை எவ்வளவு நேரம் கழுவியிருப்பாள் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

மௌலவி ஒருவரிடமும் கேட்டேன். இது சைத்தானின் ஊசலாட்டம், தன்னை மீறிச் செய்பவர்மேல் குற்றம் எழுதப்படாது என்றார்.

டொக்டரும் மௌலவியும் ஒன்றையே சொன்னதில் எனக்குப் பெரிய நிம்மதி. கட்டுரையின் முடிவு கைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. நஸ்ரின் ஹனாவின் கைகளை மேசைமேல் விரித்து வைத்த அந்தப் பின்னேரம், அந்த நிம்மதியோடுதான் நான் போயிருந்தேன்.

மேசையைச் சுற்றி

நஸ்ரின் பிள்ளையை உள்ளே அனுப்பினாள். நான் ராத்தாவைக் கூப்பிட்டேன். வந்தாள். ஈரக் கைகளை உடம்பில் படாமல் விலத்திப் பிடித்துக்கொண்டு நிலையடியில் நின்றாள்.

"இரிங்க மாமி," என்றான் றமீஸ். "கதிர எங்க எல்லாரையும் விடச் சுத்தம். இப்பதான் தொடச்ச."

ராத்தா சிரிக்க முயன்றாள். இருக்கவில்லை.

நான் தொடங்கினேன். "நஸ்ரின், உம்மாக்கு இது வருத்தம். டொக்டர் சொன்னது நீயும் கேட்டதானே. வருத்தக்காரரக் குத்தம் சொல்லக் கூடா."

"நான் எங்க குத்தம் சொன்ன மாமா? குத்தம் சொல்ல நீங்க ஒருத்தரும் விடல்லயே." அவள் குரல் உயரவில்லை. "டொக்டர் வருத்தம் எண்டார். மௌலவி சைத்தான் எண்டார். ஊரு கடல் எண்டுது. எல்லாருமாச் சேந்து குத்தத்த அவட தலையில இரிந்து இறக்கி வெச்சிட்டீங்க. அப்ப என்ட கையப் புடிச்சித் தேச்சது ஆரு? இப்ப இவள்ட கையப் புடிச்சது ஆரு? ஒருத்தருமில்லயா?"

"அப்பிடியில்ல..."

"இன்னொண்டு கேக்கன். மருதமுனைக்கு உங்கட வீட்ட வந்தா அவ எத்தின தரம் கை கழுவுவா?"

நான் யோசித்தேன். உண்மையில் யோசிக்கத் தேவையில்லை. ராத்தா எங்கள் வீட்டில் எல்லோரையும் போல ஒரு தரம் கை கழுவுவாள், சஹனில், பொதுத் தட்டில், சேர்ந்து இருந்து சாப்பிடுவாள், தேத்தண்ணீர் குடிப்பாள். என் மனைவி அதைப் பலதரம் சொல்லியிருக்கிறாள்: உங்கட ராத்தாக்கு ஒண்டுமில்ல, சும்மா கதை.

"ஒரு தரம்," என்றேன்.

"அப்ப அடக்கத் தெரியும். அவட மச்சிக்கு முன்னால தெரியும். பெத்த புள்ளக்கு முன்னால மட்டும் தெரியாதா?"

இதற்கும் டொக்டர் விளக்கம் தந்திருந்தார். பள்ளியில் தொழும்போது இருமலை அடக்குவது போல. அடக்கலாம், ஆனால் வெளியே வந்ததும் இரண்டு மடங்காக வரும். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ இரி தம்பி," என்றாள் ராத்தா.

நிலையடியிலிருந்து இரண்டு அடி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். மகளைப் பார்க்கவில்லை.

"அவள் சொல்லுற சரி. உன்ட வீட்டுல அடக்குவன். நெஞ்சு கொதிக்கும். எண்டாலும் அடக்குவன். உன்ட பொஞ்சாதிக்கு முன்னால எனக்கு வெக்கம். மறுகா வீட்ட வந்து இவள்ட கையில தீர்ப்பன். இவளுக்கிட்ட எனக்கு என்ன வெக்கம்? என்ட புள்ள. எங்க போவாள்?"

"ராத்தா, அது வருத்தம்..."

"வருத்தந்தான். கழுவோணும் எண்டுறது நான் நினைச்சி வாற இல்ல. அது அல்லாக்குத் தெரியும். ஆனா ஆருட கையப் புடிக்கன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி."

றமீஸ் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அதை நிறுத்தினான்.

"கணக்குச் சோதினை அண்டைக்கு," என்றாள் நஸ்ரின். "பஸ் வந்தது தெரியுமா உங்களுக்கு?"

"ஹோன் கேட்ட."

"கேட்டுமா?"

"கேட்டும்தான்."

இந்தச் சொல்லுக்காக நஸ்ரின் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இப்போது அழுவாள், அல்லது தாயைக் கட்டிப்பிடிப்பாள், அல்லது வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஹனாவுக்குப் பூசிய தேங்காயெண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"இஞ்சயே இரிங்க," என்றாள் கடைசியில். "உங்கள அனுப்பிட்டு எனக்கு நித்திர வராது. அது உங்களுக்காக இல்ல. ஆனா ஹனாட கைய இனித் தொடக் கூடா. மருந்து நான் கையில தருவன், எனக்கு முன்னால குடிக்கோணும். உறை இல்லாத குளிசையாப் பார்த்து இவர் எடுத்துத் தருவார்."

"மருந்து குடிப்பன்." ராத்தா கொஞ்சம் நிறுத்தினாள். "தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

"என்னது?"

"பண்ணினாலும் முறிப்பன். எனக்கு என்னப் பத்தித் தெரியும். புள்ளயக் கூப்பிடு."

பைப்படிக்கு வராதே

ஹனா கதவுச் சீலைக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கூப்பிட்டவுடனே வந்தாள். ராத்தா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

"மகள், நல்லாக் கேளு. இனி மூத்தம்மா பைப்படிக்குக் கூப்பிட்டா வராத."

"ஏன்?"

"மூத்தம்மாட தலைக்குள்ள ஒரு பிழை இரிக்கி. அது கூப்பிட வெக்கும்."

"ஏசினா?"

"ஏசினாலும் வராத. அழுதாலும் வராத. உம்மாக்கிட்ட ஓடு."

ஹனா யோசித்தாள். "பெரியாக்கள்ட சொல்லுக் கேக்காட்டி குத்தம் எண்டு மதரசாவுல சொன்ன."

"ஓம், குத்தந்தான். இதுல குத்தம் எனக்கு. உனக்கில்ல."

"கை ஊத்தை எண்டு சொன்னா?"

"பொய் எண்டு சொல்லு."

"மூத்தம்மாவப் பார்த்தா?"

"மூத்தம்மாவப் பார்த்துத்தான். இப்ப சொல்லிக் காட்டு."

ஹனா தாயின் முகத்தைப் பார்த்தாள். நஸ்ரின் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"பொய் மூத்தம்மா," என்றாள் பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இது ஆருக்குக் கேக்கும்? சத்தமாச் சொல்லுகா."

"பொய் மூத்தம்மா!"

"இந்தச் சத்தம் போதும்," என்றான் றமீஸ். "கடற்கரைப் பள்ளிக்கே கேட்டிரிக்கும்." எல்லோருக்கும் முதல் சிரித்தது ஹனாதான்.

பிறகு

குணமாகிவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறது. ஒழு எடுக்கும் நேரம் சுருங்கியிருக்கிறது. சில நாட்களில் திரும்பவும் நீள்கிறது. டொக்டர் அப்படித்தான் இருக்கும் என்கிறார்.

வருத்தக்காரரிடம் பொறுப்புக் கேட்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் இப்போதும் முழுப் பதில் இல்லை. கழுவுவதற்கு ராத்தாவிடம் பொறுப்புக் கேட்க முடியாது என்றே நினைக்கிறேன். மற்றதற்குக் கேட்கலாம். எல்லாவற்றையும் மன்னித்து இறக்கி வைத்தபோது நாங்கள் அவளுக்கு ஒரு நன்மை செய்வதாக நினைத்தோம். அவள் அதில் தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

சில கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். நஸ்ரின் தையல் அறையில், கறுப்புத் துணி மடியில் குவிந்திருக்க, மெஷினில் இருந்தாள். ஹனா தரையில் படுத்து ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கமிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "ஹனா, இஞ்ச ஒருக்கா வா மகள்."

பிள்ளை கீறுவதை நிறுத்தினாள். "வர மாட்டன் மூத்தம்மா."

"ஒரே ஒரு தரம். கைய மட்டும். பூனையத் தொட்ட தானே."

"தொடல்ல!"

"தொட்ட. நான் கண்ட."

"பொய் மூத்தம்மா!"

ஏச்சு வந்தது. மரியாதை தெரியாத குட்டி, உம்மாட குணம் அப்பிடியே வந்திரிக்கி, நாளைக்கு நான் மௌத்தானா இந்தக் கையோடயா என்னத் தொடப்போறாய். ஏச்சு மெல்ல அழுகையாக மாறியது. ராத்தா அழுவதை நான் அதற்கு முன் கேட்டது மச்சானின் மையத்து வீட்டில்தான்.

ஹனா எழும்பினாள். கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள். நின்றாள். பிறகு திரும்பி ஓடிவந்து நஸ்ரினின் மடியில் அந்தக் கறுப்புத் துணிக்குள் முகத்தைப் புதைத்தாள். போகவில்லை.

நஸ்ரின் மெஷினை எப்போதோ நிறுத்தியிருந்தாள். மகளின் தலையில் கையை வைத்தாள்.

"எனக்கும் இத அப்பவே சொல்லித் தந்திரிக்கலாம் மாமா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் பேப்பரை மடித்தேன். பின்வளவில் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. நாங்கள் மூன்று பேரும் அது முடியும்வரை எழும்பாமல் இருந்தோம்.